பேரனுக்குப் பேச்சு வரலைன்னு ஆரம்பிச்சது

போன பங்குனியில, மஞ்சளை வேகவெச்சுக் களத்துல காயப்போட்டிருந்த நேரம், என் மகள் பேரனைக் கூட்டிக்கிட்டு பெங்களூர்ல இருந்து வந்தாள். பையனுக்கு அப்ப ரெண்டே கால் வயசு. நல்லா ஓடுவான், ஏறுவான், ஆட்டுக்குட்டி வாலைப் பிடிச்சு இழுப்பான். ஆனா வாயில வர்றது நாலே நாலு வார்த்தை. 'ம்மா', 'பா', 'தா', அப்பறம் போனைக் காட்டி 'ஆன்'.

ரெண்டாம் நாள் சாயங்காலம் திண்ணையில பேச்சு வந்துச்சு. என் அம்மாவுக்கு எண்பத்தி மூணு வயசு. மனசுல பட்டதைச் சொல்லிடுவாங்க. "புள்ளகிட்டப் பேசுனாத்தான சாமி புள்ள பேசும்? நீயும் அவனும் ஆளுக்கொரு பொட்டியத் தொறந்துட்டு உக்காந்துக்கிட்டா, அது யாரு வாயப் பாத்துப் படிக்கும்?" என் வீட்டுக்காரம்மா குறுக்க விழுந்து, "பசங்க மெதுவாத்தான் அத்தை பேசுவாங்க, தானா வரும், விடுங்க" அப்படின்னாங்க. பக்கத்து வீட்டுப் பெரியம்மா குலதெய்வத்துக்கு ஒரு மணி வாங்கிக் கட்டறதா வேண்டிக்கச் சொன்னாங்க. மகள் எதுவும் பேசலை. ராத்திரி களத்துக்குக் காவலுக்குப் போனப்ப பின்னாடியே வந்து உக்காந்து அழுதாள். "ஏனுங்ப்பா, நான் என்ன அவன்கூடப் பேசாமலா இருக்கேன்? எல்லாரும் என்னையவே சொல்றாங்க."

அன்னிக்கு எனக்கு பதில் சொல்லத் தெரியலை. பிள்ளைக்குப் பேச்சுங்கிறது வளர்ப்புல வர்றதா, தானா வர்றதா, சாமி குடுக்கிறதா? எங்க திண்ணையில பத்து நிமிஷத்துல வந்த மூணு பதிலும் ரொம்பப் பழசுன்னு அப்பறம் படிக்கப் படிக்கத்தான் தெரிஞ்சுது. ராஜாக்கள் இதுக்காகக் குழந்தைகளையே பலி குடுத்திருக்காங்க. படிச்சதுல மனசுல நின்னதை எழுதி வெக்கிறேன்.

முதல் கதை எகிப்துல. கிரேக்க நாட்டு ஹெரோடோட்டஸ் தன் வரலாற்று நூலோட ரெண்டாம் பாகத்துல எழுதியிருக்கார். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட சாமெட்டிக்கஸ்ங்கிற அரசனுக்கு உலகத்துலயே மூத்த இனம் எதுன்னு தெரியணும். பிறந்த குழந்தைகள் ரெண்டை ஒரு ஆட்டுக்காரன்கிட்டக் குடுத்து, அதுக காதுல ஒரு வார்த்தையும் விழக்கூடாது, நேரத்துக்கு ஆட்டைக் கொண்டுபோய்ப் பால் மட்டும் குடுன்னு உத்தரவு. ரெண்டு வருஷம் கழிச்சு ஆட்டுக்காரன் கதவைத் திறந்தப்ப ரெண்டும் கையை நீட்டிக்கிட்டு 'பெக்கோஸ்'னு சொல்லுச்சாம். விசாரிச்சா அது ஃபிரிஜிய மொழியில ரொட்டிக்குப் பேராம். ஆகவே ஃபிரிஜியர்தான் நம்மைவிட மூத்தவங்கன்னு எகிப்தியர் ஒத்துக்கிட்டாங்களாம்.

ஆடு வளர்க்கிற எவனுக்கும் இந்தக் கதையில ஒரு சந்தேகம் வரும். ரெண்டு வருஷம் ஆட்டை மட்டுமே பாத்து வளர்ந்த பிள்ளை 'பெஹ்ஹ்'னு கத்தாம வேற என்ன செய்யும்? பின்னாடி வந்த அறிஞர்கள் பல பேரும் இதையே சொல்லியிருக்காங்க. நடந்ததோ, கட்டுன கதையோ, கேட்ட சத்தத்தைத்தான் பிள்ளை திருப்பித் தரும்ங்கிறது அதுலயே ஒளிஞ்சிருக்கு. ராஜா கண்ணுக்குத்தான் தெரியலை.

13ஆம் நூற்றாண்டுல ரெண்டாம் ஃபிரடெரிக் பேரரசரும் இப்படி ஒண்ணு செஞ்சார்னு சலிம்பெனேங்கிற பாதிரியார் எழுதினார். செவிலிகள் பால் குடுக்கலாம், குளிப்பாட்டலாம், பேசவோ கொஞ்சவோ கூடாதாம். குழந்தைகள் எல்லாமே செத்துப்போச்சாம். எழுதினவருக்கு அரசரைக் கண்டா ஆகாது, அதனால அப்படியே நம்பிட முடியாது.

ஆனா மூணாவது நம்ம நாட்டுலயே நடந்தது, அரண்மனை ஏட்டுலயே பதிவானது. அக்பர் செஞ்சது. ஃபதேபூர் சிக்ரி பக்கம் ஊருக்கு ஒதுக்குப்புறமா ஒரு வீடு கட்டி, தாய்களுக்குப் பணம் குடுத்து, பால்குடி மாறாத இருபது குழந்தைகளை வாங்கி உள்ள விட்டாங்க. பாத்துக்க ஆள் உண்டு. ஆனா ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. ஜனங்க அந்த வீட்டுக்கு 'குங் மஹல்'னு பேர் வெச்சாங்க, ஊமை மாளிகைன்னு அர்த்தம். 1582இல் அக்பர் நேர்ல போய்ப் பாத்தார்னு அபுல் ஃபஸல் அக்பர்நாமாவில் எழுதியிருக்கார். உள்ளே இருந்து பேச்சு ஒண்ணும் வரலை, ஊமைச் சத்தம் மட்டும்தான். அக்பரோட கருத்துக்களை ஒத்துக்காத பதாவுனியும் இதையே பதிஞ்சிருக்கார், அதுல பல குழந்தைகள் மண்ணுக்குள்ள போயிடுச்சுன்னும் சேத்து. புகழ்ந்து எழுதினவரும் திட்டி எழுதினவரும் ஒண்ணாச் சொல்ற விஷயம், அதனால நம்பலாம்.

அந்தத் தாய்களைத்தான் நினைச்சுக்கிறேன். எவ்வளவு பணம் குடுத்திருப்பாங்க? பஞ்ச காலத்துப் பணமா? அவங்க பேரை எந்த ஏடும் எழுதலை.

அதுக்கு அடுத்த நூற்றாண்டுல, தாமிரபரணிக் கரையில திருவைகுண்டத்துல ஒரு பையன். அஞ்சு வயசாகியும் பேச்சில்லை. அப்பா சண்முக சிகாமணிக் கவிராயர், பேரைப் பாத்தாலே தெரியும், தமிழ்ப் புலவர். வீடு முழுக்கத் தமிழ்தான், வார்த்தைக்குப் பஞ்சமில்லாத வீடு. ஆனாலும் பிள்ளை வாய் திறக்கலை. அப்பாவும் அம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுத் திருச்செந்தூர் முருகன் கோயில்ல போய்க் கிடந்தாங்க. பேச்சு வந்துச்சு, வந்த வாயோட கந்தர் கலிவெண்பா பாடினார்ங்கிறது சைவ மரபு சொல்ற கதை. அவர்தான் குமரகுருபரர். கதையை நம்பறது அவரவர் விருப்பம். எனக்கு அதுல பிடிச்சது வேற. பேச்சு வராத பிள்ளையைப் பெத்தவங்களை ஊர் என்ன சொல்லியிருக்கும்னு அந்தக் கதை சொல்லலை. தாயைக் குற்றவாளியாவும் நிறுத்தலை. பிள்ளையைத் தூக்கிட்டுப் போனாங்கன்னுதான் சொல்லுது.

இன்னொரு பொருத்தம் பாருங்க. தாமதமாப் பேசினதாச் சொல்லப்படற அவர்தான் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். அந்த இலக்கிய வகையைப் பள்ளிக்கூடத்துல பத்துப் பருவம்னு மனப்பாடம் பண்ணி, மார்க் வாங்கிட்டு விட்டுடறோம். நானும் அப்படித்தான் விட்டேன். பேரனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் திருப்பிப் பாத்தப்பதான் அது என்னன்னு புரிஞ்சுது.

பெரியாழ்வார் 9ஆம் நூற்றாண்டிலேயே தன்னை யசோதையா நினைச்சுக்கிட்டுக் கண்ணனைக் கொஞ்சிப் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் ரெண்டாம் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடின பிள்ளைத்தமிழ்ல இருந்து அது தனி நூல் வகையா நின்னுடுச்சு. முதல்ல காப்பு. அப்பறம் செங்கீரை, குழந்தை அஞ்சாம் மாசம் வாக்குல கையூன்றித் தலையை நிமிர்த்தி ஆடறது. கீர்னா சொல், மழலையைக் கேக்கற பருவம் அதுன்னும் சிலர் பொருள் சொல்வாங்க. அப்பறம் தால். தால்னா நாக்கு. தாலாட்டுன்னாலே நாக்கை ஆட்டறதுதான், குலவையைக் கேட்டவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அப்பறம் சப்பாணி, கை கொட்டச் சொல்றது. முத்தம், ஒண்ணு குடுன்னு கேக்கறது. வருகை, தத்தித் தத்தி வான்னு கூப்பிடறது. அம்புலி, நிலாவைக் காட்டி விளையாட வான்னு நிலாவையே அழைக்கிறது.

இதுல ஒண்ணைக் கவனிங்க. எல்லாப் பருவமும் பெரியவங்க குழந்தையைப் பாத்து ஒண்ணு கேக்கறாங்க. ஆடு, கொட்டு, குடு, வா. கேட்டுட்டு நிக்கறாங்க. குழந்தை ஒரு வார்த்தை பேசறதில்லை, பதிலைக் கையால, காலால, உதட்டால தருது. அம்புலியில இன்னொரு படி. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து மூணாவதா ஒண்ணைப் பாக்கறாங்க. விரல் நீட்டற இடத்தைப் பிள்ளை பாக்கறதுதான் வார்த்தை வர்றதுக்கு முந்தின வாசல்னு இன்னிக்குக் குழந்தை மொழி ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. நம்ம புலவர்கள் ஆராய்ச்சி பண்ணி எழுதலை. வீட்டுப் பொம்பளைங்க செய்யறதைப் பாத்து எழுதினாங்க.

ஆனா இதைச் சொல்லிட்டு, 'பாத்தீங்களா, நம்ம முன்னோருக்கு எல்லாம் தெரியும்'னு மார்தட்ட நான் வரலை. பிள்ளைத்தமிழ்ல இருக்கிற பிள்ளை சாமி, இல்லைன்னா ராஜா. நேரம் இருக்கிற மடியில வளர்ற பிள்ளை. எங்க தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துல நடவு நட்ட பொம்பளைங்களோட பிள்ளை எப்படி வளர்ந்துச்சுன்னு நான் கண்ணால பாத்திருக்கேன்.

வரப்பு ஓரத்துப் பூவரச மரக்கிளையில பழைய சேலையில தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுட்டு அம்மா வயல்ல இறங்குவா. அழற சத்தம் கேட்டா மார் கட்டும், நடவு வரிசையை விட்டுட்டு உடனே ஏற முடியாது. ரெண்டாவது தடவை பால் குடுக்கப் போனா முறைக்கிற பண்ணையக்காரங்க இருந்தாங்க. எங்க தாத்தாவும் அதுல ஒருத்தர். அதனால வயல்ல இருந்தே குரல் குடுப்பாங்க, "இந்தா வந்துட்டேன் சாமி, என்ற ராசா, இன்னும் ஒரு முடிதான்" அப்படின்னு. நாத்து முடியைப் பிரிச்சுக்கிட்டே பேசுவாங்க. அந்தக் குரலுக்கு அடங்கற பிள்ளையும் உண்டு, அடங்காம அழுதே தூங்கிப்போற பிள்ளையும் உண்டு.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை அக்காவோட ஒக்கல்ல. என் தம்பியை வளர்த்தது எங்க அக்காதான். அவளுக்கு அப்ப எட்டு வயசு. ரெண்டாங் கிளாஸோட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. நாள் முழுக்க அவனைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துவா. வழியில பாக்கற ஒவ்வொண்ணையும் அவனுக்குச் சொல்லுவா, அவன் என்ன உளறினாலும் "ஆமாண்டா, அப்படியா?"ன்னு பதில் பேசுவா. தம்பி சொன்ன முதல் வார்த்தை 'க்கா'. ஒண்ணரை வயசுல ஊர்க்கதை பேசுவான். இன்னிக்கு அவன் வாத்தியார். அக்கா பேங்க்ல இப்பவும் கைநாட்டுதான். "அந்தக் காலத்துல பிள்ளைக எப்படிப் பேசுச்சு தெரியுமா"ன்னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு அக்கா கட்டைவிரல்தான் ஞாபகம் வரும். அந்தப் பேச்சுக்கு யாரோ ஒரு பொண்ணு விலை குடுத்திருக்கா.

1975இல் அங்கன்வாடித் திட்டம் வந்துச்சு, 1982 ஜூலையில எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம். அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும்னுதான் பல பேர் நினைக்கிறாங்க. கிராமத்துல ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் இருக்கிற குழந்தைகளுக்கும் மையம் வந்தது அப்பதான். எங்க ஊர்ல ஓட்டுக் கட்டடத்துல பால்வாடி ஆரம்பிச்சதும் ஒக்கல்ல பிள்ளையோட நின்ன பொண்ணுங்க கொஞ்சம் கொஞ்சமாப் பள்ளிக்கூடம் போனாங்க. சோறுதான் எல்லாருக்கும் கண்ணுல பட்டுச்சு. நாலு பாட்டும் கதையும் சேர்ந்து வந்ததை யாரும் பேசலை.

இதுக்கு முன்னாடியே, 1930கள்ல, அமெரிக்காவுல அயோவா மாகாணத்துல ஒரு சம்பவம் நடந்திருக்கு. நாலு பக்கமும் மக்காச்சோளக் காடு இருக்கிற ஊர், அதனாலயோ என்னமோ எனக்கு ரொம்ப ஒட்டிக்கிச்சு. டேவன்போர்ட்ல ஒரு அனாதை இல்லம். கூட்டம் அதிகம், ஆள் கம்மி. தொட்டிலைச் சுத்தித் துணி மறைப்பு, பிள்ளை வெளிய பாக்கறதே கஷ்டம். பால் புட்டியை முட்டுக் குடுத்து வெச்சிட்டுப் போயிடுவாங்க. துணி மாத்தற நேரம்தான் மனுச முகம். அப்ப அங்க பெரிய படிப்புப் படிச்சவங்க சொன்ன வளர்ப்பு முறையே கிட்டத்தட்ட அதுதான். ஜான் வாட்சன்ங்கிற உளவியல் அறிஞர் 1928இல் எழுதின குழந்தை வளர்ப்புப் புத்தகத்துல, பிள்ளையைக் கட்டிப்பிடிக்காதே, மடியில வெக்காதே, காலையில கை குலுக்கினாப் போதும்னு சொல்லியிருக்கார். அந்தப் புத்தகம் நல்லாவும் வித்துச்சு.

அந்த இல்லத்துல ஒரு வயசு தாண்டின ரெண்டு பெண் குழந்தைகள். ஆறேழு மாசக் குழந்தை மாதிரி துவண்டு கிடந்துச்சு. மூளை வளர்ச்சி இல்லைன்னு முடிவு பண்ணி, மூளை வளர்ச்சி குறைஞ்ச பெரிய பொம்பளைகள் இருக்கிற விடுதிக்கு அனுப்பிட்டாங்க. ஹெரால்ட் ஸ்கீல்ஸ்ங்கிற உளவியலாளர் ஆறு மாசம் கழிச்சு அந்த விடுதிக்குப் போனவர், துறுதுறுன்னு ஓடற ரெண்டு பிள்ளைகளைப் பாத்து இதுக யாருன்னு கேட்டிருக்கார். அதே ரெண்டு பிள்ளைகதான். நடந்தது இவ்வளவுதான்: அந்தப் பொம்பளைக ரெண்டு பிள்ளைகளையும் தங்களோட பிள்ளையாவே எடுத்துக்கிட்டாங்க. நாள் முழுக்கத் தூக்கி வெச்சுக்கிட்டு, பேசிக்கிட்டு, விளையாடிக்கிட்டு இருந்தாங்க.

ஸ்கீல்ஸ் மேலும் பிள்ளைகளை அனுப்பினார், மொத்தம் 13. இல்லத்துலயே இருந்த 12 பிள்ளைகளோட ஒப்பிட்டு, ஹெரால்ட் டை கூடச் சேர்ந்து 1939இல் வெளியிட்டார். போன 13 பேருக்கு அறிவுச் சோதனையில சராசரியா 27 புள்ளிக்கு மேல ஏறியிருந்துச்சு. இருந்த 12 பேருக்கு 26 இறங்கியிருந்துச்சு. புத்தி பிறப்புலயே முடிவாயிடும்னு நம்பின காலம் அது, அவரைக் கேலி பண்ணினாங்க. 1966இல் பெரியவங்களானவங்களைத் தேடிப்பிடிச்சுத் திரும்பவும் எழுதினார். அந்த 13 பேரும் சொந்தக் கால்ல நின்னாங்க, பாதிப் பேருக்கு மேல பள்ளிப் படிப்பை முடிச்சிருந்தாங்க. மத்தவங்கள்ல பல பேர் மூணாங் கிளாஸைத் தாண்டலை, சில பேர் கடைசிவரை விடுதியிலயே. பதிமூணு பேரை வெச்சு உலகத்துக்கே சட்டம் எழுத முடியாதுதான். ஆனா பிள்ளையைப் பேச வெக்கப் பெரிய படிப்போ புத்திசாலித்தனமோ வேண்டியதில்லைன்னு காட்ட அந்த விடுதிப் பொம்பளைங்களே போதும்.

ஸ்கீல்ஸ் கட்டுரை வந்த அதே 1939 நவம்பர்ல மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து இறங்கினார். பிரம்மஞான சபையோட ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் கூப்பிட்டது. சில மாசப் பயிற்சிக்குன்னு வந்தவங்க. உலகப் போர்ல இத்தாலி எதிர்ப்பக்கம் சேர்ந்ததும் மகன் மரியோவைப் பிரிட்டிஷ்காரன் காவல்ல வெச்சான், கொஞ்ச நாள்ல விட்டான். அம்மாவும் மகனும் போர் முடியற வரைக்கும் இந்தியாவிலயே தங்க வேண்டியதாச்சு, அதுல ரெண்டு வருஷம் போல கொடைக்கானல்ல. மூணு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகளைப் பத்தி அவங்க யோசனை முத்தினது இந்த வருஷங்கள்லதான். 1949இல் சென்னையிலயே வெளியான அவங்க புத்தகத்துல, பிள்ளையைத் தனி அறையில ஒதுக்காம, போற இடமெல்லாம் அம்மா தூக்கிக்கிட்டுப் போற நாடுகளைப் பத்திச் சொல்றாங்க. சந்தையில நடக்கிற பேரம், பொம்பளைங்க பேசற ஊர்வம்பு எல்லாத்துக்கும் நடுவுல அந்தப் பிள்ளை இருக்கு. யாரும் பாடம் நடத்தாமயே மொழியை உறிஞ்சிக்குதுங்கிறாங்க. எங்க அக்கா ஒக்கல்தான் ஞாபகம் வந்துச்சு.

ஆனா, வளர்ப்பு முக்கியம்னு கண்டுபிடிச்ச அதே கை அடுத்து யாரை அடிச்சுச்சு தெரியுமா? தாயை. 1943இல் லியோ கன்னர்ங்கிற மருத்துவர் ஆட்டிசம் இருக்கிற 11 குழந்தைகளைப் பத்தி எழுதினப்ப, பெத்தவங்க பாசமா இல்லைன்னு ஒரு குறிப்பும் சேர்த்தார். அது வளர்ந்து, குளிர்பதனப் பெட்டி மாதிரித் தாய்ங்கிற வசைப்பேரே வந்துடுச்சு. 1967இல் புருனோ பெட்டல்ஹைம் அதையே புத்தகமாப் போட்டார், ஏகப்பட்ட பேர் நம்பினாங்க. இதுக்கு முந்தி 1964லயே பெர்னார்ட் ரிம்லாண்ட், அவர் உளவியல் படிச்சவர், ஆட்டிசம் இருக்கிற மகனுக்கு அப்பா, இது உடம்போடு பிறக்கிறது, வளர்ப்பால வர்றதில்லைன்னு எழுதிட்டார். கன்னரும் 1969இல் பெற்றோர் கூட்டத்துல நின்னு, உங்க மேல குத்தமில்லைன்னு சொன்னார். அதுக்குள்ள எத்தனை வீட்ல எத்தனை பொம்பளைங்க ராத்திரி தனியா அழுதிருப்பாங்க? காது கேக்காத பிள்ளை, ஆட்டிசம் இருக்கிற பிள்ளை, காரணமே தெரியாம மெதுவாப் பேசற பிள்ளைன்னு எல்லாரையும் ஒரே பையில போட்டுத் தாய் தலையில கட்டிட்டாங்க. எங்க திண்ணையிலயும் அன்னிக்கு அதான் நடந்துச்சு.

அடுத்த அலை, வார்த்தையை எண்ண ஆரம்பிச்சது. 1995இல் ஹார்ட், ரிஸ்லின்னு ரெண்டு பேர் கன்சாஸ்ல 42 குடும்பங்களை மாசம் ஒரு மணி நேரம்னு ரெண்டரை வருஷம் ஒலிப்பதிவு பண்ணி எண்ணினாங்க. நல்ல உத்தியோகக் குடும்பத்துப் பிள்ளை மணிக்கு 2,153 வார்த்தை கேக்குது, அரசாங்க உதவியில வாழற குடும்பத்துப் பிள்ளை 616. நாலு வயசுக்குள்ள மூணு கோடி வார்த்தை வித்தியாசம்னு கணக்குப் போட்டாங்க. அந்த மூணு கோடி உலகம் முழுக்கப் பரவிடுச்சு. ஏழைக் குடும்பங்கள் அதுல ஆறே ஆறுங்கிறது பரவலை. 2018இல் ஸ்பெரியும் கூட்டாளிகளும், தாய் மட்டும் பேசறதை எண்ணாம, வீட்ல சுத்தி இருக்கிறவங்க பேசறதையும் சேர்த்து எண்ணினப்ப அந்தப் பள்ளம் அப்படியே நிக்கலை. ஏழை வீட்டுப் பேச்சை எண்றதுக்கு முன்னாடி அந்த வீட்ல யார் யார் பேசறாங்கன்னு தெரியணும் இல்லைங்களா?

பாப்புவா நியூகினியில கலுலின்னு ஒரு மக்கள். பாம்பி ஷீஃபெலின் அவங்களோட தங்கி எழுதினதை எலினோர் ஓக்ஸ் கூடச் சேர்ந்து 1984இல் வெளியிட்டார். கலுலித் தாய்கள் குழந்தைகிட்ட மழலை பேசறதில்லை. பிள்ளையை வெளியில பாக்கத் திருப்பி வெச்சுக்கிட்டு, மத்தவங்ககிட்டப் பிள்ளைக்காகத் தான் குரல் மாத்திப் பேசுவாங்க. பிள்ளைக்கு ரெண்டொரு வார்த்தை வந்ததும், 'இப்படிச் சொல்லு'ன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் குடுப்பாங்க. நம்ம வீட்ல "அப்புச்சி வாங்கன்னு சொல்லு சாமி" அப்படின்னு சொல்றதேதான். மெக்சிகோவுல செல்டால் மாயா ஜனங்க பிள்ளைகிட்ட நேராப் பேசறது மணிக்கு நாலு நிமிஷம்கூட இல்லைன்னு 2020இல் அளந்திருக்காங்க. அந்தப் பிள்ளைகளும் முதல் வார்த்தை, ரெண்டு வார்த்தை சேர்க்கறதை எல்லாம் ஏறக்குறைய மத்தப் பிள்ளைகள் பேசற காலத்துலயே செய்யுதாம்.

அப்ப போன்ல ஓடற பாட்டும் பேச்சுத்தானே, அதைக் கேட்டு ஏன் வரக்கூடாது? மகள் கேட்ட கேள்வி இது. 2003இல் சியாட்டில்ல பாட்ரிசியா கூல் இதையே சோதிச்சிருக்காங்க. ஒம்பது மாச அமெரிக்கக் குழந்தைகள்கிட்ட சீன மொழிக்காரங்க நேர்ல உக்காந்து 12 தடவை புத்தகம் காட்டி, பொம்மை வெச்சு விளையாடிப் பேசினாங்க. குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரிச்சுக் கண்டுபிடிச்சுச்சு. அதே பேச்சை டிவியில போட்டுக் காட்டினப்ப ஒண்ணும் ஏறலை. பிள்ளை என்னமோ அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் படம் பிள்ளையைப் பாக்கலை. அக்பரோட மாளிகையிலயும் பிள்ளையைப் பாத்துக்க ஆள் இருந்தாங்க. பதிலுக்குப் பதில் பேசத்தான் ஒருத்தரும் இல்லை.

இதையெல்லாம் படிச்சு முடிச்சு மகள்கிட்ட நான் சொன்னது ரெண்டு. முதல்ல காதைப் பரிசோதிக்கணும், யார் மேல தப்புங்கிற பேச்சு அப்பறம். ரெண்டாவது, வீட்ல உன்னைத் தவிர இன்னும் ரெண்டு வாயாவது அவன்கிட்டப் பேசணும், அதுல ஒண்ணு மாப்பிள்ளையோடது.

கோயமுத்தூர்ல காது பாத்தாங்க, கோளாறு இல்லை. அங்க இருந்து பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் குடுத்தாங்க, இப்ப வாரம் ஒரு நாள் பெங்களூர்ல போறாங்க. அந்தப் பயிற்சிக்காரம்மா குடுத்த முதல் பாடம் மகளுக்குத்தான், பையனுக்கு இல்லை. ஒண்ணு சொன்னா மனசுக்குள்ள பத்து எண்ணற வரைக்கும் பேசாம இரு, அவன் ஏதாவது செய்வான், அதுவும் பதில்தான். "இதுக்குக் காசு வாங்கறாங்களாப்பா"ன்னு சிரிச்சா. நான் சப்பாணிப் பருவத்தைச் சொன்னேன்.

அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா கொஞ்ச நாள் அவங்க பேத்தி பக்கமே வாய் குடுக்கலை. ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையக் கச்சாயம் சுட்டுக் குடுத்து, "நான் கெளவி, எதையோ சொல்லுவேன், மனசுல வெச்சுக்காத கண்ணு" அப்படின்னாங்க. அப்பறம் நடுவாசல்ல உக்காந்து, பேரனை மடியில போட்டுக்கிட்டு, ஆட்டைக் காட்டி "இது என்ன சாமி?"ன்னு கேட்டுட்டு அவன் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பத்து எண்ணச் சொல்லி அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை.

ஆடி கடைசியில மகள் போன் பண்ணினப்ப இருபத்தி ரெண்டு வார்த்தை ஆயிடுச்சுன்னு சொன்னா. எழுதி வெச்சிருக்கா, படிச்சுக் காட்டினா. ஆடு இருக்கு, அப்புச்சி இருக்கு, தண்ணி இருக்கு. ஒண்ணை மட்டும் படிக்காம விட்டுட்டாள். என்னன்னு கேட்டேன். போன பங்குனியில மோட்டார் காயில் புகைஞ்சப்ப, ரிப்பேர் பாக்க வர்றேன்னு சொல்லி வராதவனை நான் வரப்புல நின்னு திட்டினேன், பேரன் பக்கத்துல மண்ணுல விளையாடிக்கிட்டு இருந்தான். அவன் கவனிக்கலைன்னுதான் நினைச்சேன்.